கேட்டால் மட்டும் இறங்கும் சீட்டு

“‘எங்க வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து, இது கட்டுக்குள்ள கெடக்கிற தண்டம், எடுத்து வெளிய போடுங்கன்னு இந்தம்மா சொன்னாங்க, அன்னையிலேருந்து அந்த மனுசன் வாயைத் தொறந்து ஒரு வாய் தண்ணிகூடக் கேக்கலை.’ இதுதானேம்மா உங்க புகார்?” என்று அசோசியேஷன் செயலாளர் தவசிமணி வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அதேதான்” என்றாள் செண்பகவல்லி.

“தப்பு” என்றாள் டெல்பின், கார் பார்க்கிங்கில் தனக்கென்று போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தபடி. “முதல்ல கனம்னுதான் சொன்னேன். அப்படின்னா என்னன்னு நீங்க திருப்பிக் கேட்டீங்க பாருங்க, அப்பதான் தண்டம்னு சொன்னேன். சொல்றதுன்னா முழுசாச் சொல்லணும்.”

“எங்க வீட்டு ஆம்பளையைத் தண்டம்னு சொல்ல நீங்க யாருங்கேன்?”

“மனுசனைச் சொல்லலை, சீட்டைச் சொன்னேன்.”

“சீட்டுல யாரு படம் இருக்கு? உங்க படமா இருக்கு?”

கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். டெல்பின் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு ஒரு ஸ்கூட்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. செண்பகவல்லியின் கணவர் இசக்கிமுத்து மட்டும் தூணோரமாக நின்று, பேச்சு யாரைப் பற்றியோ நடப்பதுபோல, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் நடுவே, ஜன்னல் கம்பியெல்லாம் காற்றிலேயே துருப்பிடிக்கிற அந்த அலைமணி அடுக்ககத்துக்குச் சீட்டுகள் வந்தது ஆடிக்காற்று அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதவுக்குக் கதவு தொங்கும் பால்பைகளில், பாக்கெட்டுகளுக்கு அடியில், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டுகள் கிடந்தன. உள்ளங்கைக்குள் அடங்குகிற வழவழப்பான அந்தச் சீட்டில் ஆளின் படம் இருந்தது, மேல்மூலையில் அந்த ஆளை ஆட்டத்தில் இறக்க மற்றவர்கள் கொடுக்க வேண்டிய விலை இருந்தது, ஓரத்தில் அடிக்கிற பலமும் தடுக்கிற பலமும் தாங்குகிற பலமும் எண்களாக இருந்தன, அடியில் எறும்பு ஊர்வதுபோல ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. யார் போட்டது என்று பால்காரரை ஒரு தடவை கேட்டார்கள். அவர் தன்னுடைய சீட்டை எடுத்துக் காட்டி, என் படத்தில் மீசையை விட்டுவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். விசாரணை அதோடு முடிந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் குடித்தனம். சீட்டுக்கு லேமினேஷன் போடலாமா கூடாதா என்று இரண்டு கட்சி உண்டானது. பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு சீட்டையும் கேட்டார்கள். வீட்டு வேலைக்கு வருகிறவளின் தாங்கும் பலம் தன்னுடையதைப்போல மும்மடங்கு என்று கண்ட நாலாம் மாடிக்காரி அன்று முழுக்க அவளுக்குத் தேநீர் கொடுக்கவில்லை, மறுநாளிலிருந்து இரண்டு டம்ளராகக் கொடுத்தாள். பிள்ளைகள் பெற்றோர்களைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய் மாற்றிக்கொண்டு வந்து, அடி வாங்கி, மறுநாள் திருப்பி வாங்கி வந்தார்கள். ஆள் களைத்தால் சீட்டும் தானாகப் பக்கவாட்டில் சாய்கிறது, களைப்பு தீர்ந்தால் தானாக நிமிர்கிறது என்பது தெரிந்ததும் எல்லோரும் சீட்டுகளைக் காந்தம் வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்கள். சாயங்காலம் ஆனால் அந்தக் கட்டடத்தின் அத்தனை சமையலறைகளிலும் பெண்களின் சீட்டுகள் காற்றடித்த சோளப்பயிர் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்க, ஆண்கள் இரண்டாவது காப்பி கேட்பதற்கு முன் ஃப்ரிட்ஜை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளப் பழகினார்கள். சிலர் பார்த்துவிட்டும் கேட்டார்கள்.

அந்த எறும்பு எழுத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. படிப்பது யாராலும் முடியும். அதற்கு என்ன அர்த்தம், அந்தச் சீட்டு தேறுமா தேறாதா என்று சொல்ல, மூன்றாம் மாடி டெல்பினைத் தவிர யாராலும் முடியாது. கன்னியாஸ்திரிகளிடம் ஆங்கிலமும் முதுகு நிமிர்த்தி உட்காருவதும் கற்றவள் என்பதால் மட்டுமல்ல. அவள் வீட்டில் அப்படி ஒரு ஆட்டம் முன்பே இருந்தது.

அது அவள் மகன் ரெனியின் ஆட்டம். படிப்பு முடிந்து, வேலை கிடைக்காமல், குளிர்நாட்டு விசாவுக்குக் காத்துக்கிடந்த காலத்தில் வாங்கிய பெட்டி. அதில் வருகிறவர்கள் எல்லோரும் முகமூடி போட்ட மகாவீரர்கள், எல்லோரும் ஒரே கட்சி, எதிரில் உட்கார ஆளே தேவையில்லை. எதிரிக்கென்று ஒரு சீட்டுக்கட்டு உண்டு, அதைப் புரட்டப் புரட்டப் பாலம் இடியும், ரயில் கவிழும், நகரம் பற்றி எரியும், ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக் கட்டு தீருவதற்குள் காப்பாற்ற வேண்டும். ரெனி எப்போதும் அடிக்கிற வீரனை எடுத்துக்கொள்வான், இடிக்கையன் என்று அம்மாவும் மகனும் அவனுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். டெல்பின் எடுப்பது சாம்பல் அங்கி போட்ட ஒருத்தியை. திரைக்காரி. அவள் அடிக்க மாட்டாள். அடுத்தவன் மேல் விழும் அடியைத் தன் அங்கியால் மறைப்பாள்.

காய்கறிக்காரனின் தள்ளுவண்டியில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கிற அதே கையால் டெல்பின் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தாள். என்ன கேக்குது, என்ன குடுக்குது, எப்ப வந்து சேரும். மூன்று கேள்வி, அவ்வளவுதான். “படத்தைப் பாரு, எப்படிப் பறக்கிறான்! விலை நாலு, செய்யிறது ஒண்ணு. கல்யாண மண்டபத்து வாசல்ல வைக்கிற பொம்மை இது, தூக்கு” என்பாள். ரெனி விழுந்து விழுந்து சிரிப்பான். அவளால் தாங்க முடியாத விதி ஒன்றே ஒன்றுதான்: அடுத்தவர் முறையில் மூக்கை நுழைக்கக் கூடாது, அவர் வாய்விட்டுக் கேட்டால் மட்டும் நம் சீட்டை இறக்கலாம். இடிக்கையன் சாகக் கிடப்பான், அவனைக் காப்பாற்றும் சீட்டு டெல்பின் கையில் தயாராக இருக்கும், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அந்தப் பயல் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பான், சோம்பல் முறிப்பான், கடைசியில் ஒரு புருவத்தை உயர்த்தி, “அம்மா, கேக்கிறேன்” என்பான். டப்பென்று மேஜை அதிர அவள் சீட்டை இறக்குவாள். அந்தச் சத்தம் கீழ்வீடு வரை கேட்கும்.

விசா வந்தது. பெட்டி தங்கிவிட்டது. அதற்குப் பிறகு மத்தியான வேளைகளில், சாப்பாட்டு மேஜையில், டெல்பின் இரண்டு கையையும் தானே ஆடினாள். இடிக்கையனுக்கு எதிர் நாற்காலி, திரைக்காரிக்கு இந்த நாற்காலி, எழுந்து எழுந்து போய் உட்கார்ந்தாள். தனியாக ஆடுகிறவள் யாரைக் கேட்பது, யாருக்குக் கொடுப்பது? கூட்டாளியிடம் கேள், கூட்டாளிக்குக் கொடு என்று எழுதியிருந்த சீட்டுகளையெல்லாம் கட்டைக் கனக்க வைக்கும் தண்டம் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். அப்புறம் அவள் தோற்கவே இல்லை. கை தட்ட ஆளில்லாமல் ஜெயித்து, நகரத்தைக் காப்பாற்றி, எல்லாவற்றையும் அடுக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு ராத்திரிக்குத் தோசைமாவு எடுத்து வெளியில் வைப்பாள்.

கணவர் கஸ்பார் கப்பலில் இன்ஜினியர். கரை சேரும்போது போனில் பேசுவார். “கேஸுக்குச் சொல்லிரு. பின்பக்கக் கதவைப் பூட்டு. அரிசியை வெயில்ல போடு.” இன்ஜின் ரூமில் கேள்வி கேட்கிற பழக்கம் கிடையாது, கட்டளை மட்டும்தான். அவருடைய சீட்டு ஓரமெல்லாம் உப்புப் பூத்து, பால்பைக்குள் முகம் கவிழ்ந்து வந்து கிடந்தது. எப்படித் திருப்பி வைத்தாலும் கவிழ்ந்துகொண்டது.

தன்னுடைய சீட்டை டெல்பின் ஒரே ஒரு முறை படித்தாள். அடிக்கிற பலம் அந்தக் கட்டடத்திலேயே பெரிய எண். அடியில் வரி: மற்றொரு ஆட்டக்காரர் கேட்டால் மட்டும் இறக்கலாம். கேட்டால் நிமிரும். “போடா” என்று யாரையோ சொல்லிவிட்டு, எழுத்து தெரியாதபடி முகத்தை உள்பக்கமாகத் திருப்பி, ஃப்ரிட்ஜ் கதவில் மாதா படம் போட்ட காந்தத்தின் கீழ் செருகினாள்.

அதற்குப் பிறகு ஊரே அவளைக் கேட்டது. மத்தியானம் ஆனால் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அவள் காப்பி கொடுத்தாள், கூடவே வாயையும் கொடுத்தாள். தவசிமணியின் சீட்டைப் பார்த்து, “வந்த அன்னைக்கு ஒரு சத்தம், அதோட கழிஞ்ச சீட்டு. மீட்டிங்குக்கு ஆகும், வேலைக்கு ஆகாது” என்றாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு போனார். ஒரு மாமியாரிடம், “உங்களுக்குத் தாங்குற பலம் ஜாஸ்தி, அடிக்கிற பலம் கம்மின்னு போட்டிருக்கு, அச்சுப்பிழையா இருக்கும்” என்றாள். திட்டு வாங்கினாலும் வந்தார்கள், திட்டு வாங்கவே சிலர் இரண்டாம் முறை வந்தார்கள். அந்த நாட்களில் டெல்பின் படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாண்டினாள், அவள் சீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஆணியடித்தாற்போல் நிமிர்ந்து நின்றது.

எதிர்வீட்டு இசக்கிமுத்து கடைசியாகத்தான் வந்தார். காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எங்கே ஏறினீங்க, எங்கே எறங்கணும், சில்லறை இருக்கா, உள்ள தள்ளி நிக்கலாமா என்று ஊர்பேர் தெரியாதவர்களையெல்லாம் கேட்டுக் கேட்டே வயதானவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வாய் ஓயவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் டெல்பினின் கதவருகே வந்து நின்று ஏதாவது ஒன்று கேட்பார். தாயி, ஒங்களுக்குத் தண்ணி வந்துட்டா? தாயி, இன்னைக்கு என்ன கெழமை? தாயி, இந்த வாடை கருவாடா, இல்ல கடல்ல இருந்தா? வெள்ளிக்கிழமை என்று அவருக்கே தெரியும், டெல்பினுக்கும் அது தெரியும். “காலண்டர் வாங்க வக்கில்லையா அண்ணாச்சி?” என்று சீறிவிட்டு அவள் பதில் சொல்வாள், சொல்லிவிட்டு விறுவிறுவென்று ராத்திரிச் சமையலை முடிப்பாள். மகன் போன நாளிலிருந்து இது நடந்துகொண்டிருந்தது.

அவருடைய சீட்டில் விலை இல்லை, அடி இல்லை, தடுப்பு இல்லை. டெல்பின் வரியைப் படித்துச் சொன்னாள்: “பக்கத்து ஆட்டக்காரரிடம் ஏதாவது ஒன்று கேட்கலாம்.”

“அவ்வளவுதானா தாயி?”

“அவ்வளவுதான் அண்ணாச்சி. கேக்கிறதுக்கெல்லாம் ஒரு சீட்டா? இதைக் கையில வச்சிருந்தா ஒரு நல்ல சீட்டு வர்ற எடத்தை இது அடைச்சுக்கிட்டிருக்கும். கனம்.”

கூட வந்திருந்த செண்பகவல்லி, “கனம்னா?” என்றாள்.

டெல்பினுக்கு ஒரே விஷயத்தை இரண்டு தரம் சொல்லப் பிடிக்காது. சொன்னாள்.

இசக்கிமுத்து சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நடந்து போனார். அன்று சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீட்டில் காப்பி கேட்கவில்லை, பேப்பர் கேட்கவில்லை, தட்டில் சோறு தீர்ந்தால் வெறும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கேட்பதையே தன் சீட்டுக்கட்டிலிருந்து உருவி வெளியே போட்டுவிட்டார்.

அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

“ஒரு மன்னிப்புன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோகும்” என்று தவசிமணி தணிவாகச் சொன்னார். “அண்ணாச்சி, தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை.”

“தெரிஞ்சுதான் சொன்னேன்” என்றாள் டெல்பின். கன்னியாஸ்திரிகள் அவளுக்குப் பொய் சொல்லக் கற்றுத்தரவில்லை, தழைந்து பேசவும் கற்றுத்தரவில்லை. “நானா யார் வீட்டுக்கும் வந்தேன்? என் வாசல்ல வந்து நின்னு நீங்கதான் கேட்டீங்க. கேட்டாச் சொல்வேன். கசந்தாக் கேக்காதீங்க. எழுதிக்கோங்க செயலாளர் சார்: இனிமே இந்த பில்டிங்ல டெல்பின்கிட்ட யாரும் எதுவும் கேக்கக் கூடாது. தீர்மானம்! நானே முன்மொழியறேன்.”

“நான் வழிமொழியறேன்” என்றாள் செண்பகவல்லி.

கைகள் உயர்ந்தன. இசக்கிமுத்து கை தூக்கவில்லை. தலையை நிமிர்த்தி டெல்பினைப் பார்த்தார், பழக்கத்தில் வாய் திறந்தது, ஏதோ ஒன்று அங்கே வந்து நின்றது, பிறகு மூடிக்கொண்டது.

முதல் வாரம் டெல்பினுக்கு நிம்மதியாக இருந்தது, அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். இரண்டாவது வாரம் சீட்டு சாய்ந்தது. படுத்து எழுந்தால் மற்றவர்கள் சீட்டு நிமிர்ந்துவிடும்; அவளுடையது தூங்கினாலும் நிமிரவில்லை, விரலால் நிமிர்த்தினாலும் காந்தத்தையும் இழுத்துக்கொண்டு மறுபடி சாய்ந்தது. அப்புறம் அவளே சாய ஆரம்பித்தாள். ஒற்றை ஆணியில் மாட்டிய காலண்டர்போல இடப்பக்கமாகக் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். அவள் ஊற்றிய காப்பி டம்ளருக்குள் சரிவாக நின்றது, அவள் உடுத்திய சேலையின் கரை ஒரு பக்கம் தரையைப் பெருக்கியது, பூசைக்குப் போனால் அவளைப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பக்கத்து பெஞ்சுக்காரிக்குச் சுளுக்கு வந்தது. அடுக்ககம் அதையும் பழகிக்கொண்டது. லிஃப்டில் அவளுக்கென்று இடப்பக்க மூலையை ஒதுக்கினார்கள். வாட்ச்மேன் அவள் பால்பையை அந்தப் பக்கத்துக் கொக்கிக்கு மாற்றி மாட்டினான். என்ன ஆச்சு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. தீர்மானம் நோட்டீஸ் போர்டில் கையெழுத்தோடு ஒட்டியிருந்தது.

எதிர்வீட்டார் சாத்தூருக்கு, மகள் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தார்கள். சாமான்கள் இறங்கிய காலையில் டெல்பின் கதவைத் திறந்து, நிலையில் சாய்ந்தபடி நின்றாள். பீரோ இறங்கியது, கட்டில் இறங்கியது, கடைசியில் குடத்தோடு செண்பகவல்லியும் அவளுக்குப் பின்னால் இசக்கிமுத்துவும் இறங்கினார்கள்.

“போயிட்டு வாங்க அண்ணாச்சி” என்றாள் டெல்பின்.

அவர் தலையை ஆட்டினார். ஒரு பக்கமாகச் சரிந்திருந்த அவளைப் பார்த்து ஒரு படியில் நின்றார், கண்டக்டர் பையைத் துழாவுவதுபோல அவர் கை இடுப்பருகே அலைந்தது. கீழேயிருந்து வேன்காரன் ஹாரன் அடித்தான்.

அன்று மத்தியானம் டெல்பின் வழக்கம்போல ஆட்டத்தை விரித்தாள். சரிந்த உடம்போடு நாற்காலி மாறி மாறி உட்கார முடியவில்லை. சீட்டு எடுக்கப் போன கை பிஸ்கட் டின்னைத் தட்டிவிட, விலக்கி வைத்த சீட்டுகளெல்லாம் தரையில் கொட்டின. குனிந்து பொறுக்கினாள், சரிந்திருப்பவளுக்குக் குனிவது எளிதாகத்தான் இருந்தது. கையில் வந்த ஒன்றில், கூட்டாளியிடம் கேள் என்றிருந்தது. விலை இல்லை, அடி இல்லை. இந்தச் சீட்டை எடுத்து வெளியே போட ரெனி ஒருநாளும் விட்டதில்லை. “அம்மா, நீ எல்லாத்தையும் தனியா வச்சே எடை போடுற. தனியா வச்சா இது காலி டப்பாதான். உன் கையில இருக்கிறதுக்குப் பக்கத்துல வச்சுப் பாரேன்” என்று கத்துவான். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய், மாதா காந்தத்தை எடுத்து, ஃப்ரிட்ஜிலிருந்த தன் சீட்டைத் திருப்பி, இரண்டையும் மேஜையில் அருகருகே வைத்தாள்.

கேட்கலாம். கேட்டால் மட்டும்.

அந்தக் கட்டடத்திலிருந்த அத்தனை சீட்டையும் அவள் எடை போட்டிருந்தாள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று முகம் திரும்பி ஃப்ரிட்ஜில் கிடந்தது. தண்ணி வந்துட்டா, என்ன கெழமை, கருவாடா கடலா என்று, விலையே இல்லாத ஒரு சீட்டு தினம் சாயங்காலம் எதிர்வாசலிலிருந்து வந்து அவளை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

செண்பகவல்லியின் போன் எண்ணுக்கு அடித்தாள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தபோது பாதியில் வெட்டுப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரெனி திரையில் வந்தான். பனியைப் பற்றிச் சொன்னான், ஷிஃப்ட் மாறியதைச் சொன்னான், கூடத் தங்கியிருக்கிறவன் பாத்திரம் கழுவுவதில்லை என்று சொன்னான். டெல்பின் மேஜையில் இரண்டு கையாகச் சீட்டு பரப்பி, இடிக்கையனை அவன் முகத்துக்கு நேரே வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். போனைச் சாய்த்துப் பிடித்திருந்தாள், அதனால் அவனுக்கு அவள் நேராகத் தெரிந்தாள். அவன் தண்ணீர் குடித்தான். சோம்பல் முறித்தான். அவள் சீட்டை மேஜைக்கு மேலே ஓங்கிப் பிடித்திருந்தாள்.

“சரிம்மா, லேட்டாயிடுச்சு. வச்சிர்றேன். ஒடம்பைப் பாத்துக்கோ.”

கேள் என்று சொல்லிக் கேட்க வைப்பது விதியில் இல்லை என்று அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். திரை இருண்ட பிறகுதான் அந்த விதியை எழுதியவன் மேல் கோபம் வந்தது.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு டெல்பின் கதவைத் திறந்தாள். எதிர்க்கதவில் பூட்டு தொங்கியது. மற்ற வீடுகளில் குக்கர் விசிலடித்தது, யாரோ யாரையோ உப்பு போதுமா என்று கேட்டார்கள், யாரோ சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்டார்கள், மேல்மாடியில் ஒரு குழந்தை ஏன், ஏன், ஏன் என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே போனது. இடப்பக்கச் சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் நடைவழியின் நடுவுக்கு வந்தாள். உள்ளே வெளிச்சமாக இருந்த கதவுகளின் கண்ணாடித் துளைகள் ஒவ்வொன்றாக இருண்டன. பின்னால் ஆள் வந்து நின்றால் அப்படித்தான் இருளும்.

டெல்பின் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். மேடையில் ஆங்கிலப் பாட்டு ஒப்பிக்க நிறுத்தப்பட்ட மாணவிபோல, முடிந்த மட்டும் நேராக நிற்கப் பார்த்தாள்.

“கெழமை கேட்டாக்கூடப் போதும்” என்றாள். “நான் திட்ட மாட்டேன். யாராவது எங்கிட்ட ஏதாவது கேளுங்களேன்.”

லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது, கதவு திறந்தது, உள்ளே யாருமில்லை, மூடிக்கொண்டு கீழே போனது.